ஃபௌஸ்ட்

ஃபௌஸ்ட் என்றவுடன் இலக்கியப் பயிற்சியுடையோர் நினைவில் ஜெர்மானிய மகாகவி கதேயின் நாடக நாயகனே தோன்றுவான். லத்தீனில் ஃபௌஸ்டுஸ் என்பதற்கு மங்கலமானது என்றும், ஜெர்மன் மொழியில் ஃபௌஸ்ட் என்பதற்கு முஷ்டி என்றும் பொருளுண்டு. ஆயினும், பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் கிராம் என்னும் இசை ஆராய்ச்சி நிலையத்தில் யான் ஓர்லாரே முதலியோர் 2002-இல் ஒலியை ஆக்குவதற்கெனத் தோற்றுவித்த கணினி மொழிக்கு இப்பெயர் வந்த வழி வேறு: ஃபங்ஷனல் என்பதன் முதலெழுத்தும், ஆடியோ, ஸ்ட்ரீம் என்பவற்றின் முதலிரண்டு ஆங்கில எழுத்துக்களும் கூடிப் பிறந்த சொல் இது.

இம்மூன்றனுள் என் உள்ளத்தைக் கவர்ந்தது ஸ்ட்ரீம், அதாவது பிரவாகம், என்பதே. ஏனெனில் இம்மொழியில் ஒலி என்பது எண்களின் இடையறாத ஓட்டம், ஒவ்வொரு கருவியும் ஓர் ஓட்டத்தை ஏற்று மற்றோர் ஓட்டத்தை விடும் மதகு. எதிரொலியை எடுத்துக்கொள்வோம். வினாடிக்கு 44,100 மாதிரிகளாக, அதாவது எண்களாக, ஓடும் ஒலியை 22,050 மாதிரிகள் தாமதித்து, 0.5-ஆல் பெருக்கி, அலைக்கோடு போன்ற ஒரு குறியால் மீண்டும் தொடக்கத்திலேயே சேர்த்துவிட்டால், ஏறக்குறைய அரை வினாடிக்கொருமுறை பாதி பாதியாகத் தேய்ந்து திரும்பும் நாதம் ஒரே வரியில் நிர்மாணமாகிவிடுகிறது! அந்நிலையத்தாரின் ஃபௌஸ்ட்லைவ் என்னும் மென்பொருளில் அவ்வரியைத் திருத்திச் சேமித்த மாத்திரத்தில் புதிய ஒலி காதில் விழும், 0.5-ஐ 0.9 ஆக்கினால் எதிரொலி நெடுநேரம் நின்று ஒலிக்கும், 1 ஆக்கினாலோ அது ஓயவே ஓயாது.