லேத்தைத் தொட்ட கைகள்

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்து. அங்கே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு பழைய லேத். அதன் எதிரே என் பெரியப்பா குந்தியிருந்தார். பிரித்துப் போட்ட சக்கின் பாகங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் போனது வேறு வேலையாக. இந்த வட்டாரச் சேரிகளிலிருந்து தொழிற்சாலைக்குள் போன முதல் தலைமுறையின் வாய்மொழிகளைத் திரட்டிக்கொண்டிருந்தேன். எந்த வருசம் சேர்ந்தீங்க, யார் சேர்த்துவிட்டது என்று நான் கேட்கக் கேட்க, கையிலிருந்த இரும்பைப் பார்த்தபடியே பதில் சொன்னார். கடைசியில் சலித்துப்போய், "மொதல்ல இது இன்னான்னு தெரிஞ்சிக்கோ பா, அப்புறம் எழுது" என்றார். அவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுற்றுவதுதான் சக். மூன்று தாடைகள், பட்டறையில் 'ஜா' என்பார்கள். சாவியைத் திருகினால் உள்ளே ஒரு சிறு பினியன் சுழன்று ஒரு தட்டைத் திருப்பும். தட்டின் முகத்தில் கொசுவர்த்தி மாதிரி சுருள் வரி வெட்டியிருக்கும். ஜாக்களின் பின்பற்கள் அந்த வரியில் உட்கார்ந்திருப்பதால் மூன்றும் ஒன்றாக உள்ளே போகும், ஒன்றாக வெளியே வரும். இரும்பு தானாக நடுவில் நிற்கும். ஜாக்களில் 1, 2, 3 என்று எண் குத்தியிருக்கும். சுருள் வரி முதலில் 1-ஐப் பிடிக்கவேண்டும், அடுத்து 2, அடுத்து 3. மாற்றிப் போட்டால் மூன்றும் ஒரே மையத்துக்கு வராது.

வருடக்கணக்காக ஓடிய சக் எப்படித் தேயும்? சின்னச் சின்னத் துண்டுகளை வாயோரத்திலேயே கவ்விக் கவ்வி ஜாக்களின் முன்பக்கம் தேய்ந்து வாய் அகன்றுவிடும். அடியில் பிடிக்கும், நுனியில் பிடிக்காது. சாவிக்குள் பைப்பைச் செருகி முரட்டுத்தனமாக இறுக்குவதால் பினியனின் சதுரக் குழி உருண்டையாகிவிடும். ஒரே அளவில் எப்போதும் பிடிப்பதால் சுருள் வரியில் அந்த இடம் மட்டும் இளைத்துப்போகும். பாதி சக்குகளுக்கு இதில் எதுவுமே நோயில்லை, சுருளுக்குள் இறுகிப்போன இரும்புச் சீவலும் அழுக்கும்தான் நோய் என்றார். "கழுவாமலே செத்துப்போச்சின்னு சொல்லிடுவானுங்க."

இந்தச் சக்கில் ஒரு நேர்த்தியான கம்பியைக் கவ்வவைத்து டயல் வைத்துப் பார்த்தபோது முள் 15 கோடு ஓடியதாம். ஒரு கோடு என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.

இப்போது வரலாற்றுக்கு வருகிறேன்.

தாம்பரம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர். அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றித்தான் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதினார், அதற்குப் பின் 1892இல் பஞ்சமி நில ஆணைகள் வந்தன. நிலம் எப்படிக் கைக்கு வந்து எப்படிக் கைவிட்டுப் போனது என்று நாம் நிறைய எழுதியிருக்கிறோம், இன்னும் எழுதவேண்டும். ஆனால் இயந்திரம்? 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடியது. குரோம் லெதர் கம்பெனி வந்து குரோம்பேட்டை என்ற பெயரையே தந்தது. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை. பெருங்களத்தூரில் கார்த் தொழிற்சாலை. அவற்றுக்கு உதிரி பாகம் செய்ய பல்லாவரம் முதல் வண்டலூர் வரை லேத் பட்டறைகள் முளைத்தன. தென்சென்னையின் 'தொழில் வளர்ச்சி' என்று பாடப்புத்தகம் இதைச் சொல்லும். அந்த லேத்தின் கைப்பிடியை யார் பிடித்தார்கள் என்று எந்தப் புத்தகமும் கேட்பதில்லை.

அம்பேத்கர் கேட்டார். 1938 பிப்ரவரியில் மன்மாட்டில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்பு ரயில்வே தொழிலாளர் மாநாட்டில், நம்மவர் தண்டவாளத்தில் கேங்மேனாகவே கிடப்பதையும், ரயில்வே பணிமனையில் மெக்கானிக்காக ஆவதே அபூர்வம் என்பதையும் எடுத்துச் சொன்னார். பார்ப்பனியம், முதலாளியம் என்று இரண்டு எதிரிகளை அவர் சுட்டியதும் அங்கேதான். அதை மட்டும் நம் தோழர்கள் மேற்கோள் காட்டுவார்கள், மெக்கானிக் விசயத்தை விட்டுவிடுவார்கள். 1942இல் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பொறுப்பேற்ற சில மாதங்களிலேயே வைசிராய்க்குக் கொடுத்த மனுவில், அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளை அப்ரெண்டிஸாக எடுக்கவேண்டும் என்று கேட்டார். படிப்பு மட்டும் போதாது, தொழில்நுட்பம் கையில் வரவேண்டும் என்பது அவர் கணக்கு. அப்ரெண்டிஸ் சட்டம் 1961இல் வந்தது. அதில் நமக்கு இடஒதுக்கீடு சேர்க்கப்பட்டது 1973இல். மனுவுக்கும் சட்டத்துக்கும் நடுவே 31 வருடம்.

பெரியப்பா அந்த 31 வருடத்துக்குள் மாட்டியவர். அவருடைய அப்பா ரயில்வேயில் கேங்மேன். இவர் 1970இல், 16 வயதில், ஒரு தொழிற்சாலையில் ஹெல்பராகச் சேர்ந்தார். பெயர் வேண்டாம். சீவல் அள்ளுவது, எண்ணெய் துடைப்பது, டீ வாங்கி வருவது. "மெசினத் தொடைக்கலாம் பா, ஓட்டக்கூடாது." ஆயுத பூசைக்கு முந்தின நாள் விடிய விடிய எல்லா லேத்தையும் பளபளவென்று துடைப்பது இவர். மறுநாள் சந்தனம் குங்குமம் வைக்கிற நேரத்தில் இவரைப் பொரி வாங்கக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு வருசம் இல்லை, ஒன்பது வருசம். யாரும் வாயைத் திறந்து தொடாதே என்று சொன்னதில்லையாம். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நைட் ஷிப்டில் இருந்த ஒரு பாய்தான் கற்றுக்கொடுத்தது. அதுவும் நேராக லேத் ஓட்ட அல்ல, ஸ்கிராப்பில் எறிந்த ஒரு சக்கைப் பிரித்துப் பூட்ட. 1979இல் அந்தச் சக் மறுபடி ஓடியது. அதன் பிறகு அங்கே எந்தச் சக் கெட்டாலும் இவரைத்தான் கூப்பிட்டார்கள். 2012இல் ஓய்வு பெறும் வரை ரிஜிஸ்டரில் மட்டும் ஹெல்பர்தான். இது வெறும் பெயர்ப் பிரச்சினை என்று நினைக்கவேண்டாம். ஹெல்பர் என்றால் ஹெல்பர் சம்பளம், அந்தச் சம்பளத்தை வைத்துத்தான் பி.எஃப். பென்சன் கணக்கு. 2014இல் குறைந்தபட்சம் 1000 ரூபாய் என்று அரசு நிர்ணயித்ததே, அந்தத் தொகையை ஒட்டித்தான் இவருக்கு வருகிறது. 70 வயதில் மண்ணெண்ணெயில் கை நனைவது அதனால்தான்.

மறுநாளும் போனேன். பினியன் புதிதாகச் செய்திருந்தார். துளை போட்டு, மூலைகளை அரத்தால் ராவிச் சதுரமாக்கி, பல் வெட்ட மட்டும் கடப்பேரியில் மில்லிங் மெசின் வைத்திருப்பவரிடம் கொடுத்து வாங்கியிருந்தார். ஜாக்கள் கடினமேற்றிய எஃகு, சாதாரண டூல் பாயாது, கல் வைத்துத்தான் சாணை பிடிக்கவேண்டும். சும்மா கிடக்கும்போது சாணை பிடித்தால் பிரயோசனமில்லை. இரும்பைக் கவ்வும்போது ஜா பின்னுக்குத் தள்ளப்பட்டு ஒரு நிலையில் நிற்குமே, அந்த இறுக்கத்திலேயே பிடிக்கவேண்டும். அதற்காக நடுவில் ஓட்டை விட்ட ஒரு தகட்டை வெட்டி, ஜாக்களின் ஓரம் மட்டும் அதை இறுக்கும்படி வைத்தார். கவ்வும் முகங்கள் கல்லுக்குத் திறந்திருந்தன. லேத்தின் படுகை மேல் ஈரத் துணி விரித்தார், சாணைத்தூள் விழுந்தால் படுகை அரிக்கும். தொட்டும் தொடாமலும் கல்லை விட்டு விட்டு எடுத்தார். முக்கால் மணி நேரம் பேசவேயில்லை.

கம்பியைக் கவ்வவைத்து டயலை ஒட்டினார். 4 கோடு. "இந்த அளவுக்கு இதான். பெருசாப் புடிச்சா கொஞ்சம் கூட ஓடும், சுருள் எளைச்சிருக்குது. அத ஒண்ணும் பண்ண முடியாது, பார்ட்டிகிட்ட சொல்லிடணும்."

பில் எழுத என்னைச் சொன்னார், எம்.ஏ. படித்தவன் எழுத்து நன்றாக இருக்கும் என்று. சக் ரிப்பேர், பினியன் ஒன்று புதிது என்று எழுதினேன். கீழே அவர் பெயரை எழுதிவிட்டு, பக்கத்தில் வேற ஏதாவது போடணுமா பெரியப்பா என்றேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"டர்னர்னு போடு."