உளவுப் படங்களும் வீட்டுத் திரையும்: 'ரகசிய போலீஸ் 115' முதல் 'விக்ரம்' வரை

தமிழ்நாட்டில் திரைப்படங்களை வீட்டில் பார்க்கும் வழக்கத்தைத் தயாரிப்பாளர்கள் தொடங்கிவைக்கவில்லை. அவர்கள் விற்க முன்வருவதற்கு முன்பே மக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். இந்த வரலாற்றின் முக்கியமான திருப்பங்கள் சிலவற்றில், தற்செயலாகவோ என்னவோ, உளவுப் படங்களும் அவற்றில் நடித்தவர்களும் வந்து நிற்கிறார்கள்.

பெட்டிக்குக் காத்திருந்த ஊர்கள்

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி 1989 வரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது; இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளது. சினிமா வியாபாரத்தில் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்து 'என்.எஸ்.சி. ஏரியா' எனப்பட்டன. விநியோகஸ்தர் அந்த ஏரியா உரிமையை வாங்கிக் குறைந்த எண்ணிக்கையில் பிரதிகள் எடுப்பார். படப்பெட்டி முதலில் பெரிய ஊர்களில் ஓடும். அங்கே கூட்டம் குறைந்த பிறகே சிறிய ஊர்களுக்கும், கடைசியாகக் கிராமத்துக் கொட்டகைகளுக்கும் நகரும். பிரதி கையில் வரும்போது கீறல் விழுந்து, இடையிடையே வெட்டுப்பட்டு, பாட்டில் ஒரு சரணம் காணாமல் போயிருப்பதும் உண்டு.

கைத்தறி நெசவாளருக்கு வீடுதான் தொழிற்கூடம். சேலைக் கணக்கில் கூலி பெறுகிறவர் கொட்டகைக்குப் போகும் நேரத்தில் தறி நிற்கும். பகல் காட்சி என்பது பாதிநாள் வேலை. அதனால் இத்தகைய ஊர்களில் இரண்டாம் ஆட்டத்துக்கு இருந்த மதிப்பு தனி. வீட்டிலேயே படம் பார்க்கலாம் என்ற நிலை வந்தபோது நெசவு ஊர்களில் அது வெறும் சொகுசாக மட்டும் இருந்திருக்க முடியாது.

ஜேம்ஸ் பாண்டின் தமிழ் உறவினர்கள்

1962இல் 'டாக்டர் நோ' வெளிவந்த பிறகு உலகெங்கும் உளவாளிப் படங்கள் பெருகின. தமிழில் இந்த அலையை முதலில் பிடித்தவற்றுள் ஒன்று சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர். சுந்தரம் மறைந்த பின் நிறுவனத்தை நடத்திய அவர் மகன் ஆர். சுந்தரம், ஜெய்சங்கரை நாயகனாக வைத்து 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) போன்ற படங்களை எடுத்தார். வேதாவின் மேற்கத்திய இசை, இரகசியக் கதவுகள், கேளிக்கை விடுதி நடனம், துப்பாக்கியோடு சிரிக்கும் நாயகன் எனச் செலவு குறைவான கருப்பு வெள்ளைப் படங்கள்தான். ஆனால் 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' என்ற பட்டம் ஜெய்சங்கருக்குக் கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

1968 பொங்கலை ஒட்டி வந்த 'ரகசிய போலீஸ் 115' இதைவிடப் பகட்டானது. பி.ஆர். பந்துலு இயக்கிய இந்த வண்ணப் படத்தின் தலைப்பிலேயே 007இன் எதிரொலி உண்டு. எம்.ஜி.ஆர். உளவு அதிகாரி, ஜெயலலிதா நாயகி. இந்த இரு பெயர்களும் பின்னர் வீட்டுத் திரையின் கதையில், முதலமைச்சர் என்ற பொறுப்பில், மீண்டும் வருகின்றன.

டெக் வந்த காலம்

சோனியின் பீட்டாமேக்ஸ் 1975இலும் ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். 1976இலும் சந்தைக்கு வந்தன. இந்தியாவில் 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு தொடங்கியதும் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளும் வீடியோ கருவிகளும் பரவத் தொடங்கின. மக்கள் அந்தக் கருவியை 'டெக்' என்றார்கள். சொந்தமாக வாங்கியவர்கள் மிகச் சிலர். தெருவில் பத்து வீட்டார் காசு சேர்த்து, டிவியையும் டெக்கையும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் போடுவதே பரவலான வழக்கம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று எந்த விசேஷத்துக்கும் டெக் வந்தது. படம் நடுவில் மங்கினால் டெக்காரர் மூடியைத் திறந்து ஹெட்டைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டுவார்.

கேசட்டுகள் வந்த வழி வளைந்தது. தயாரிப்பாளர்கள் வீடியோ உரிமையைப் பெரும்பாலும் வெளிநாட்டுத் தமிழர்களுக்காகவே விற்றார்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் போன கேசட்டே பிரதிக்குப் பிரதியாகத் திரும்பி வந்தது. பல ஊர்களில் படப்பெட்டிக்கு முன்னால் கேசட் வந்து சேர்ந்தது. நகரத்தில் வெளியான நாளுக்கும் சிற்றூரில் வெளியாகும் நாளுக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் டெக் வாழ்ந்தது. இதை வெறும் திருட்டு என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. ஆனால் இழப்பு மெய்யானது: கொட்டகைக்காரரின் வசூலும், ஏரியாவுக்குப் பணம் கட்டிய விநியோகஸ்தரின் முதலும் அந்த இடைவெளியில் கரைந்தன.

1984 இந்தச் சிக்கலுக்கு ஒரு முக்கிய ஆண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் பீட்டாமேக்ஸ் வழக்கில், தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமல்ல என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இந்தியா எதிர்த்திசையில் நடந்தது. பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, வீடியோ திருட்டுக்குக் குறைந்தது ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் வீடியோ கேசட் மூலம் தொலைக்காட்சித் திரையில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த அதே ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. அப்போது முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திரையில் இரகசியக் கூட்டங்களைத் தேடிப் பிடித்த 115ஆம் எண் அதிகாரியின் அரசு, அனுமதியில்லாத வீடியோ காட்சிகளைத் தேடவேண்டியதாயிற்று.

அக்னிபுத்ரா

1986 மே 29இல் 'விக்ரம்' வெளியானது, டெக்கின் உச்ச காலத்தில். கமல்ஹாசன் தயாரித்து நடித்த இந்தப் படத்தின் கதை சுஜாதாவுடையது; குமுதத்தில் தொடராகவும் வந்தது. இயக்கியவர் ராஜசேகர். கடத்தப்பட்ட 'அக்னிபுத்ரா' ஏவுகணையைத் தேடி உளவாளி விக்ரம் சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குப் போகிறான். டிம்பிள் கபாடியா, அம்ஜத் கான், சத்யராஜ், அம்பிகா, லிஸி, ராஜஸ்தான் மணல், கணினி உதவியோடு இளையராஜா அமைத்த தலைப்புப் பாடல் என எதிலும் குறை வைக்கவில்லை. ஒரு கோடி ரூபாய் செலவைத் தாண்டிய முதல் தமிழ்ப் படம் என்று அறியப்படுகிறது. பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்த சுஜாதாவின் கற்பனை காலத்தை ஒட்டியே இருந்தது. மெய்யான அக்னி ஏவுகணை 1989 மே மாதத்தில்தான் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது.

இத்தகைய படம் பெரிய திரைக்கென்றே எடுக்கப்படுவது. அகன்ற பாலைவனம் இருபது அங்குலப் பெட்டியில், பிரதியின் பிரதியில், பழுப்பு நிறக் கறையாகிவிடும். அப்படியும் வீட்டில் பார்த்தார்கள் என்பதே அந்தக் காலத்தின் பசியைக் காட்டுகிறது.

விற்க முயன்றபோது

டெக்கின் இடத்தை விசிடி பிடித்த பிறகு திருட்டு மலிவானது. 2004இல் ஜெயலலிதா அரசு, விசாரணையின்றி ஓராண்டு வரை காவலில் வைக்க வழிசெய்யும் குண்டர் சட்டத்தில் வீடியோ திருட்டையும் சேர்த்தது. 2006இல் கருணாநிதி அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. 2007இல் மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்கத் தொடங்கி, பழைய படங்களைத் திருட்டு வட்டின் விலைக்கே சட்டப்படி கொடுத்தது. ஒரு சட்டம் செய்யாததை அந்த விலை ஓரளவு செய்தது எனலாம்.

ஆனால் புதிய படம்? 2013இல் கமல்ஹாசன் இன்னொரு உளவுப் படமான 'விஸ்வரூப'த்தைத் திரையரங்கில் வெளியாவதற்கு முந்தைய இரவே டி.டி.எச். வழியாக வீடுகளுக்குக் கொடுக்கத் திட்டமிட்டார். கட்டணம் ஆயிரம் ரூபாய். திரையரங்கு உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆயிரம் ரூபாய் கட்டிய ஒரு வீட்டில் தெருவே உட்கார்ந்து பார்க்கும் என்ற அவர்களுடைய அச்சத்துக்குப் பின்னால் டெக் காலத்து அனுபவம் இருந்தது. வெளியீடு தள்ளிப்போனது. அதற்குள் முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பை ஒட்டி அரசு இரு வாரத் தடை விதித்தது; முதலமைச்சர் ஜெயலலிதா, 'ரகசிய போலீஸ் 115' நாயகி. சில இடங்களில் மாற்றம் செய்யப்பட்டு பிப்ரவரி 7இல் தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்குப் படம் வந்தது. திட்டமிட்டபடி டி.டி.எச். வெளியீடு நடக்கவே இல்லை.

ஏழு ஆண்டு கழித்து, கொரோனா முடக்கத்தில் திரையரங்குகள் மூடிக்கிடந்தபோது, 'பொன்மகள் வந்தாள்' நேரடியாக இணையத்தில் வெளியானது. நாள் 2020 மே 29. பழைய 'விக்ரம்' வெளியாகி அன்றோடு முப்பத்து நான்கு ஆண்டு.

லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்' 2022 ஜூன் 3இல் திரைக்கு வந்தது. பழைய படத்தின் உளவாளியையும் தலைப்புப் பாடலையும் எடுத்துக்கொண்ட படம். டிஜிட்டல் திரையிடலில் பெட்டி என்பதே இல்லாததால் சென்னைக்கும் சிற்றூர்களுக்கும் வெளியீட்டு நாள் ஒன்றாகிவிட்டிருந்தது. முப்பத்தைந்தாம் நாள், ஜூலை 8இல், ஹாட்ஸ்டாரில் வந்தது. திரையரங்கு சங்கங்கள் இப்போது வாதிடுவது இந்த நாள் கணக்கைப் பற்றித்தான்.

மாடர்ன் தியேட்டர்ஸ் வளாகம் மறைந்து, சேலம் ஏற்காடு சாலையில் அதன் நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. 'சி.ஐ.டி. சங்கர்' பார்க்க விரும்புகிற மாணவருக்கு இன்று கொட்டகையும் இல்லை, பெட்டியும் இல்லை. இணையத்தில் யாரோ ஏற்றிவைத்த, நிழல்கள் கரைந்துபோன பிரதிதான் கிடைக்கிறது.