ஆழத்தைத் திருத்திய கைகள்: 3டி படத்தொகுப்பு வளர்ந்த வழி

3டி சினிமாவின் வரலாற்றைக் கேமராக்களையும் கண்ணாடிகளையும் வைத்தே பெரும்பாலும் எழுதுகிறார்கள். படம் எடுத்து முடித்த பிறகு அதன் ஆழத்தை யார், எந்தக் கட்டத்தில் திருத்தினார்கள் என்று பார்த்தால் வேறொரு வரலாறு தெரிகிறது. பார்ப்பவரின் கண் வலித்ததா, வியந்ததா என்பதைத் தீர்மானித்ததில் அந்தத் திருத்தத்துக்கும் பெரும் பங்கு உண்டு.

இரு கண்களுக்கும் சற்றே வேறான படங்களைக் காட்டினால் மூளை அவற்றை ஒன்றாக்கி ஆழத்தை உணரும் என்பதைச் சார்லஸ் வீட்ஸ்டன் 1838-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் விளக்கினார். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே அதற்கு அடுத்த ஆண்டுதான். ஆகவே அவர் கையாண்டவை கோட்டோவியங்கள். அவருடைய கருவியின் இருபுறப் பலகைகளையும் ஒரு மரத்திருகு நகர்த்தியது. அதன் ஒரு பாதியில் வலமரை, மறுபாதியில் இடமரை. திருகினால் இரு ஓவியங்களும் சம அளவில் விலகும் அல்லது நெருங்கும். ஆழத்தைக் காட்டும் முதல் கருவியிலேயே படங்களைச் சரிசெய்யும் ஏற்பாடும் இருந்தது.

இங்கே இருவகைப் பிசகுகளைப் பிரித்தறிய வேண்டும். கண்கள் இரண்டும் மூக்கை நோக்கி உள்ளே திரும்பும். ஒன்று மேலும் மற்றொன்று கீழும் போவது தசைகளுக்குப் பழகாத வேலை. எனவே இரு படங்களுக்கிடையே மேல்-கீழ் வேறுபாடு இருந்தால் அது வெறும் பிழை, முழுவதும் நீக்க வேண்டியது. இட-வல வேறுபாடு அப்படியல்ல. ஆழமே அதிலிருந்துதான் பிறக்கிறது. அதை நீக்கக் கூடாது, அளவோடு வைக்க வேண்டும். எடிட்டரின் ரசனைக்கு இடம் கிடைப்பது இங்கேதான்.

19-ஆம் நூற்றாண்டில் இந்த வேலை கத்தரிக்கோலில் நடந்தது. இரட்டை லென்ஸ் கேமராவின் நெகட்டிவிலிருந்து எடுத்த படங்களை இடம் வலமாக மாற்றி ஒட்டாவிட்டால் அருகிலுள்ளவை தொலைவிலும் தொலைவிலுள்ளவை அருகிலும் தெரியும். விளிம்புகளை எங்கே வெட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்துக் காட்சி சட்டத்துக்கு உள்ளே நின்றது, அல்லது வெளியே துருத்தியது.

சினிமாவில் பொறுப்பு புரொஜெக்டர் ஆபரேட்டரின் தலையில் விழுந்தது. 1952-இல் ‘ப்வானா டெவில்’, அடுத்த ஆண்டு ‘ஹவுஸ் ஆஃப் வாக்ஸ்’ என்று அமெரிக்காவில் எழுந்த அலையில் இடக்கண்ணுக்கு ஒரு ரீல், வலக்கண்ணுக்கு ஒரு ரீல், இணைத்து ஓட்ட இரண்டு புரொஜெக்டர்கள். ஒரு ரீல் அறுந்து நான்கு ஃப்ரேம் போனால், அந்த இடத்தில் நான்கு கறுப்பு ஃப்ரேம்களை ஒட்ட வேண்டும். மறந்தால் மீதிப் படம் முழுக்க இரு கண்களும் வெவ்வேறு நொடித்துளிகளைப் பார்க்கும். அந்த அலை சீக்கிரம் ஓய்ந்ததற்குக் கதைகளின் தரத்தை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல; கொட்டகையில் நேர்ந்த இத்தகைய பிசகுகளுக்கும் அதில் பங்குண்டு.

இரு படங்களையும் ஒரே ஃபிலிமில் மேலும் கீழுமாகப் பதிக்கும் முறை இதற்கு விடையானது. இந்தியாவின் முதல் 3டி படமான மலையாள ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ (1984) இப்படித்தான் வந்தது. ஜிஜோ புன்னூஸ் இயக்க, தமிழ் ரசிகர்கள் நன்கறிந்த அசோக்குமார் ஒளிப்பதிவு செய்தார். ஒரே ஃபிலிம் என்பதால் நேரப் பிசகு ஒழிந்தது. ஆனால் எந்தப் பொருள் திரையின் தளத்தில் நிற்க வேண்டும் என்பதைப் படப்பிடிப்பிலேயே முடிவு செய்தாக வேண்டும். எடிட்டிங் மேசையில் அதை மாற்றுவது எளிதல்ல.

டிஜிட்டல் வந்தபின் அந்தக் கட்டு அவிழ்ந்தது. பெரிய கேமராக்களை மனிதக் கண்களின் இடைவெளியான சுமார் 65 மி.மீ. அளவுக்கு நெருக்கி வைக்க முடியாது என்பதால், பாதி ஒளியை ஊடுருவவிடும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து ஒரு கேமரா அதன் வழியாகவும், மற்றொன்று அதில் தெரியும் பிம்பத்தையும் படம்பிடிக்கும். இதில் உயரம், சாய்வு, ஜூம், நிறம் எல்லாம் கொஞ்சம் பிசகும். ஓக்குலா போன்ற மென்பொருள்கள் இரு படங்களிலும் ஒத்த புள்ளிகளைத் தேடி முதலில் இவற்றைச் சமன் செய்யும். அதன் பிறகே இரு படங்களையும் பக்கவாட்டில் நகர்த்தி, காட்சியைத் திரைக்கு முன்னோ பின்னோ கொண்டுபோவார்கள்.

எவ்வளவு நகர்த்தலாம் என்பதைத் திரையின் அகலம் சொல்கிறது. 12 மீட்டர் திரையில் 2,048 பிக்சல்கள் இருந்தால் 65 மி.மீ. என்பது சுமார் 11 பிக்சல்தான். அதற்கு மேல் போனால் தொலைவிலுள்ள பொருளைக் காணக் கண்கள் வெளிப்புறமாக விலக வேண்டியிருக்கும். ஒரு மீட்டர் அகல டிவியிலோ, 1,920 பிக்சலில் அதே 65 மி.மீ. ஏறக்குறைய 125 பிக்சல். டிவிக்குச் சரிசெய்த படத்தைத் தியேட்டரில் அப்படியே ஓட்ட முடியாததன் காரணம் இது.

திரையின் ஓரமும் தொல்லை தரும். முன்னால் துருத்தும் ஓர் உருவத்தைத் திரையின் விளிம்பு வெட்டினால், பின்னாலிருக்கும் விளிம்பு முன்னாலிருப்பதை மறைப்பதாகக் கண்டு மூளை குழம்பும். ஒரு கண்ணின் படத்தில் மட்டும் ஓரத்தைக் கறுப்பாக்கி, விளிம்பையே முன்னுக்கு இழுக்கும் உத்தியை ‘மீட் தி ராபின்சன்ஸ்’ (2007) நன்கு பயன்படுத்தியது. ஆழத்தைக் கதைக்கே கருவியாக்கியது 2009-இல் வந்த ‘கோரலைன்’. சிறுமியின் சலிப்பான வீட்டைத் தட்டையாகவும், கதவுக்கு அப்பாலுள்ள மாய உலகை ஆழமாகவும் ஹென்றி செலிக் காட்டினார். 3டியில் எடுத்த பல படங்களை விட இது ஒருபடி மேல். ஆழம் இங்கே அலங்காரமாக நிற்கவில்லை, கதையைச் சொல்கிறது.

பக்கவாட்டு நகர்த்தலுக்கு ஓர் எல்லை உண்டு: முழுக் காட்சியும் சேர்ந்தே நகரும். முகத்தின் புடைப்பைக் காத்துக்கொண்டு பின்னணியை மட்டும் சுருக்க அதனால் ஆகாது. டிஸ்னி ரிசர்ச் சூரிச் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட முறை, படத்தை இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் வளைத்து இதைச் சாதித்தது.

2023-இல் ஐஃபோன் 15 புரோ சுமார் 19 மி.மீ. இடைவெளியுள்ள இரு லென்ஸ்களால் ஸ்பேஷியல் வீடியோ எனும் 3டி வீடியோவை எடுக்கத் தொடங்கியது. அந்தக் கோப்பு வடிவத்தில் பக்கவாட்டு நகர்த்தல் படத்தோடு வெட்டி ஒட்டப்படுவதில்லை. ஓர் எண்ணாகத் தனியே பதிவாகிறது. எடிட்டர் அந்த எண்ணை மாற்றினால் போதும், ஒரு பிக்சலும் இழக்காமல் காட்சி முன்னோ பின்னோ நகரும்.