புகழ்பெற்ற இசைக்கலைஞர்களும் இசைத்தட்டு நிறுவனங்களும்

இசைத்தட்டு நிறுவனம் என்பது கலைஞர்களின் பாட்டையும் இசையையும் பதிவு செய்து, படியெடுத்து, விளம்பரப்படுத்தி, கடைகளுக்குக் கொண்டுசேர்க்கும் வணிக நிறுவனமாகும். 20ஆம் நூற்றாண்டில் மேற்கத்திய நாடுகளின் வெகுசன இசை பெரும்பாலும் இத்தகைய நிறுவனங்களின் வழியாகவே கேட்பவர்களை அடைந்தது. பாடல்கள் இணையத்தில் கிடைக்கத் தொடங்கிய பின், ஏற்கெனவே பெயர் பெற்றுவிட்ட கலைஞருக்கு நிறுவனம் இன்னும் தேவைதானா என்ற கேள்வி வலுவாக எழுந்தது. 2007ஆம் ஆண்டில் மட்டும் உலகப் புகழ் பெற்ற கலைஞர்கள் பலர் பெரிய நிறுவனங்களை விட்டு வெளியேறினர். அவர்களில் சிலர் பின்னர் திரும்பியும் வந்தனர். இந்த இரண்டு போக்குகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் கேள்விக்கு விடை கிடைக்கும்.

ஒப்பந்தத்தின் அடிப்படை

இசைத்தட்டு நிறுவனம் கலைஞருக்கு மூன்று உதவிகளைச் செய்து வந்தது. முதலாவது, ஒலிப்பதிவுக்கும் பிழைப்புக்கும் வேண்டிய முன்பணம். இரண்டாவது, தட்டுகளை அச்சிட்டு நாடெங்கும் உள்ள கடைகளுக்கு அனுப்புதல். மூன்றாவது, வானொலி, பத்திரிகை, தொலைக்காட்சி வழியாகச் செய்யும் விளம்பரம். இவற்றுக்கு ஈடாக நிறுவனம் விற்பனை வருமானத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. அத்துடன் 'மாஸ்டர்' எனப்படும் மூல ஒலிப்பதிவின் உரிமையும் பெரும்பாலும் நிறுவனத்துக்கே சென்றது.

முன்பணம் இனாம் அல்ல. கலைஞரின் ராயல்டிப் பங்கிலிருந்து கழித்துக்கொள்ளப்படும் தொகை. எடுத்துக்காட்டாக, ஒரு கலைஞருக்கு 15 விழுக்காடு ராயல்டியும் 3 இலட்சம் டாலர் முன்பணமும் பேசப்பட்டது என்று கொள்வோம். அந்தத் தொகுப்பு 20 இலட்சம் டாலர் ஈட்டிய பிறகே முன்பணம் அடைபடும். அதுவரை கலைஞருக்கு மேற்கொண்டு ராயல்டி வராது. ஒலிப்பதிவுச் செலவும் இம்முறையில் கலைஞரின் பங்கிலிருந்தே கழிந்துவிடுகிறது. ஆனால் கடன் முழுவதும் அடைந்த பின்னரும் பதிவு நிறுவனத்தின் சொத்தாகவே இருக்கும். கலைஞர்களின் நீண்டகாலக் குறைக்கு இதுவே வேர்.

பாடல் ஒன்றில் இரண்டு தனித்தனி உரிமைகள் உண்டு என்பதையும் இங்கு கவனிக்க வேண்டும். சொல்லும் மெட்டும் சேர்ந்த படைப்பின் உரிமை ஒன்று. அப்படைப்பை ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலியின் உரிமை மற்றொன்று. முதலாவது உரிமை எழுதியவரிடம் இருக்கும்போதே இரண்டாவது நிறுவனத்திடம் இருக்கலாம்.

தொடக்க காலம்

எமில் பெர்லினர் உருவாக்கிய தட்டையான இசைத்தட்டைக் கொண்டு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தொழில் பரவியது. லண்டனில் அமைந்த கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க், 1902 ஏப்ரலில் இத்தாலியின் மிலான் நகர விடுதி அறை ஒன்றில் ஓபரா பாடகர் என்ரிக்கோ கரூசோவைப் பதிவு செய்தார். 10 பாடல்களுக்கு 100 பவுண்டு கட்டணம். அதே ஆண்டு நவம்பரில் அவர் கல்கத்தாவில் கோஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். அந்நாளில் இந்தியாவில் பதிவானவை ஜெர்மனியின் ஹனோவர் நகரில் அச்சிடப்பட்டுக் கப்பலில் திரும்பி வந்தன. 1908இல்தான் கல்கத்தாவில் தட்டு அச்சிடும் ஆலை ஏற்பட்டது.

பதிவுக் கருவி, ஆலை, கப்பல் போக்குவரத்து, கடை வலைப்பின்னல் ஆகியவற்றைத் தனியொரு பாடகர் அமைத்துக்கொள்ள வழியில்லை. ஆகவே எவ்வளவு பெரிய பாடகரும் நிறுவனத்தை நாட வேண்டியிருந்தது. அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கு இந்த நிலை பெரிதாக மாறவில்லை.

சொந்த நிறுவனம் என்ற முயற்சி

பெயர் பெற்றவர்கள் இந்த ஏற்பாட்டை மாற்ற முயன்றது இணையத்துக்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது. ரே சார்லஸ் 1959இல் ஏபிசி-பாரமவுண்ட் நிறுவனத்துக்கு மாறியபோது மூலப்பதிவுகளின் உரிமை தமக்கே கிடைக்கும்படி ஒப்பந்தம் பேசினார். அக்காலத்தில் அது மிக அரிய சலுகை. பிராங்க் சினாட்ரா 1960இல் ரிப்ரைஸ் என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1963இல் அதை வார்னர் நிறுவனத்துக்கு விற்றார்.

1962இல் பீட்டில்ஸ் குழு இ.எம்.ஐ. நிறுவனத்துடன் செய்த முதல் ஒப்பந்தத்தில் தட்டு ஒன்றுக்கு ஒரு பென்னி மட்டுமே ராயல்டி. அதைக் குழுவினர் நால்வரும் மேலாளரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். 1968இல் அக்குழு ஆப்பிள் என்ற தன் நிறுவனத்தைத் தொடங்கியது. தட்டின் மேல் ஆப்பிள் சின்னம் இருந்தாலும், பீட்டில்ஸ் பதிவுகளின் உரிமை இ.எம்.ஐ.யிடமே இருந்தது.

அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழு 1973இல் தன் தட்டுகளைத் தானே வெளியிட முற்பட்டது. தட்டுகளின் போலிப்படிகள் சந்தையில் புகுந்தன; பணத்தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. 1976இல் அம்முயற்சி முடிவுக்கு வந்தது. 1977இல் அக்குழுவின் அடுத்த தொகுப்பு அரிஸ்டா நிறுவனத்தின் வழியாக வந்தது. இரசிகர்கள் நிறைய இருந்தும், பொருளைக் கடைக்குக் கொண்டுசேர்க்கும் வேலை அவர்களுக்குப் பெரும் சுமையாக இருந்தது.

பிரின்சும் வார்னர் நிறுவனமும்

இந்த மோதலை உலகறியச் செய்தவர் அமெரிக்கக் கலைஞர் பிரின்ஸ். 1977இல் வார்னர் நிறுவனத்தில் சேர்ந்த இவர், 1984இல் வந்த 'பர்ப்பிள் ரெயின்' தொகுப்பால் பெரும்புகழ் அடைந்தார். 1992இல் புதுப்பிக்கப்பட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 10 கோடி டாலர் என்று செய்திகள் வெளிவந்தன. ஆனால் அடுத்த ஆண்டே பூசல் முற்றியது. அடிக்கடி புதிய தொகுப்புகளை வெளியிட அவர் விரும்பினார். சந்தை தாங்காது என்று நிறுவனம் தடுத்தது. மூலப்பதிவுகள் தம்முடையவை அல்ல என்பதும் அவரை உறுத்தியது. 1993இல் தம் பெயரை உச்சரிக்க முடியாத ஒரு சின்னமாக மாற்றிக்கொண்டார். கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மேடையேறினார்.

ஒப்பந்தத்திலிருந்து விடுபட்ட 1996இல் 'விடுதலை' என்ற பொருள்படும் தலைப்பில் மூன்று தட்டுகள் கொண்ட தொகுப்பைத் தம் சொந்த நிறுவனத்தின் பெயரில் வெளியிட்டார். அதையும் விநியோகம் செய்தது இ.எம்.ஐ. பின்னர் 2001இல் இணைய உறுப்பினர் சங்கம் அமைத்து இரசிகர்களுக்கு நேரடியாகப் பாடல்களைத் தந்தார். 2004இல் கச்சேரி நுழைவுச்சீட்டுடன் குறுந்தட்டையும் சேர்த்துக் கொடுத்தார். 2007 ஜூலையில் பிரிட்டனில் ஒரு ஞாயிறு நாளிதழுடன் புதிய தொகுப்பின் 25 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் இலவசமாகச் சென்றன. தொடர்ந்து லண்டனில் 21 இரவுகள் கச்சேரி செய்தார். தட்டு விற்பனையைக் காட்டிலும் கச்சேரி வருமானமே பெரிது என்பதை இந்தக் கணக்கு காட்டியது.

இத்தனைக்கும் பிறகு 2014இல் பிரின்ஸ் வார்னருடனேயே புதிய ஒப்பந்தம் செய்தார். இம்முறை அவருடைய பழைய மூலப்பதிவுகளின் உரிமை அவருக்குக் கிடைத்தது. வெளியிடும் வேலை நிறுவனத்துக்குக் கிடைத்தது. 2016இல் அவர் மறைந்தார்.

2007இல் நடந்த வெளியேற்றம்

1999இல் வந்த நாப்ஸ்டர் பாடல்களை விலையின்றிப் பகிர வழி செய்தது. 2003இல் ஆப்பிள் கணினி நிறுவனம் ஐடியூன்ஸ் கடையைத் திறந்து பாடல்களைத் தனித்தனியே விற்றது. தட்டு அச்சிடுவதும் லாரியில் அனுப்புவதும் தவிர்க்க முடியாத வேலைகள் என்ற நிலை போயிற்று.

இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழுவுக்கு இ.எம்.ஐ.யுடனான ஒப்பந்தம் 2003இல் வந்த ஆறாவது தொகுப்புடன் முடிந்திருந்தது. 2007 அக்டோபர் 10 அன்று 'இன் ரெயின்போஸ்' தொகுப்பைத் தன் இணையதளத்தில் வெளியிட்டு, விலையைக் கேட்பவரே முடிவு செய்துகொள்ளலாம் என்று அக்குழு அறிவித்தது. விரும்பினால் ஒன்றும் கொடுக்காமலும் பதிவிறக்கலாம். அதே மாதம் மடோனா வார்னரை விட்டு, கச்சேரி நடத்தும் லைவ் நேஷன் நிறுவனத்துடன் ஏறத்தாழ 12 கோடி டாலர் மதிப்புள்ளதாகக் கூறப்பட்ட ஒப்பந்தம் செய்தார். ஈகிள்ஸ் குழுவின் புதிய தொகுப்பு அமெரிக்கச் சில்லறைக் கடைகளில் வால்மார்ட்டில் மட்டும் விற்கப்பட்டு, முதல் வாரத்திலேயே 7 இலட்சம் படிகளைக் கடந்தது. பால் மெக்கார்ட்னியும் அவ்வாண்டு இ.எம்.ஐ.யை விட்டு, ஸ்டார்பக்ஸ் காப்பிக்கடை நிறுவனத்தைச் சேர்ந்த ஹியர் மியூசிக்கில் சேர்ந்தார். மறு ஆண்டு நைன் இன்ச் நெய்ல்ஸ் குழு 300 டாலர் விலையுள்ள 2,500 சிறப்புப் பெட்டிகளைத் தானே விற்றுத் தீர்த்தது.

திரும்பிய பாதை

இக்கதையின் பிற்பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 'இன் ரெயின்போஸ்' குறுந்தட்டாகக் கடைகளுக்கு வந்தது எக்ஸ்எல் முதலிய சிறு நிறுவனங்களின் வழியாகத்தான். முன்பே இணையத்தில் கிடைத்திருந்தும் 2008 சனவரியில் அது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 2011இல் வந்த அடுத்த தொகுப்புக்குக் குழுவே விலை நிர்ணயித்தது. மடோனா 2011இல் பாடல் வெளியீட்டுக்காக யுனிவர்சல் குழுமத்தின் இன்டர்ஸ்கோப் நிறுவனத்துடன் உடன்பாடு செய்தார். நைன் இன்ச் நெய்ல்ஸ் 2013இல் கொலம்பியா வழியாகத் தொகுப்பு வெளியிட்டது. மெக்கார்ட்னி 2016இல் கேப்பிட்டலுக்குத் திரும்பினார்.

ஆனால் அவர்கள் பழைய நிலைக்கே திரும்பினார்கள் என்று கொள்வது தவறு. ரேடியோஹெட் தன் புதிய பதிவின் உரிமையைத் தானே வைத்துக்கொண்டு, வெளியிடும் அனுமதியை மட்டும் நிறுவனங்களுக்குத் தந்தது. இதற்கு மாறாக, உரிமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் அதே குழுவுக்கு நேர்ந்தது. 2008இல் இ.எம்.ஐ., தன்னிடம் இருந்த பழைய பதிவுகளைக் கொண்டு குழுவின் விருப்பமின்றியே ஒரு தேர்ந்தெடுத்த பாடல் தொகுப்பை வெளியிட்டது.

டெய்லர் சுவிஃப்ட்

உரிமைப் பிரச்சினையைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றவர் டெய்லர் சுவிஃப்ட். அவருடைய முதல் ஆறு தொகுப்புகளின் மூலப்பதிவுகள் பிக் மெஷின் நிறுவனத்திடம் இருந்தன. 2018இல் அவர் யுனிவர்சல் குழுமத்துக்கு மாறியபோது, இனி பாடும் பாடல்களின் உரிமை தமக்கே என்று ஒப்பந்தம் செய்துகொண்டார். 2019இல் பிக் மெஷின் ஸ்கூட்டர் பிரானின் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2020இல் பதிவுகள் ஷாம்ராக் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போயின.

பாடல்களை எழுதியவர் என்ற முறையில் படைப்புரிமை சுவிஃப்டிடம் இருந்தது. அதைக் கொண்டு அவர் பழைய தொகுப்புகளை மீண்டும் பாடிப் பதிவு செய்தார். 2021 முதல் 2023 வரை நான்கு தொகுப்புகள் இவ்வாறு வெளியாயின; இரசிகர்கள் புதிய பதிவுகளையே கேட்கத் தொடங்கினர். 2025 மே மாதம் பழைய மூலப்பதிவுகளையும் அவர் விலைக்கு வாங்கினார். இத்தனை வலிமை உள்ளவரும் தம் தொகுப்புகளை யுனிவர்சலின் ரிபப்ளிக் நிறுவனத்தின் வழியாகவே வெளியிட்டு வந்தார்.

இந்தியத் திரையிசை

தமிழ் உள்ளிட்ட இந்தியத் திரையிசையில் நிலைமை வேறு. இங்கு ஒலி உரிமையை நிறுவனத்துக்கு விற்பவர் பொதுவாகப் படத் தயாரிப்பாளர். பாடல் எழுதியவரும் இசையமைத்தவரும் தயாரிப்பாளரிடம் ஊதியம் பெறுபவர்கள். மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஒப்பந்தத்தை உதறிவிட்டு வெளியேறும் வாய்ப்பு இங்குள்ள திரையிசைக் கலைஞர்களுக்கு அவ்வளவாக இருந்ததில்லை.

2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் இதை ஓரளவு மாற்றியது. திரையரங்குக் காட்சிக்கு அப்பால் பாடல் பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உண்டு. அவ்வுரிமையை நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. தனியொருவரின் புகழால் மேற்கில் கிடைத்த பேரவலிமையில் ஒரு பகுதியை இங்கு சட்டம் எல்லோருக்கும் வழங்க முயன்றது.

மதிப்பீடு

நிறுவனம் செய்துவந்த மூன்று உதவிகளில் முன்பணம் புகழ்பெற்றவருக்கு அவசியமில்லை. அச்சிட்டு அனுப்பும் வேலை பெரிதும் குறைந்துவிட்டது. எஞ்சுவது விளம்பரமும், பல நாடுகளில் ஒரே நேரத்தில் வெளியிடும் ஆள்பலமும், கணக்கு வாங்கும் பணியும். ஸ்ட்ரீமிங் தளங்களில் பாடல்கள் வந்து குவியும் காலத்தில் இவை சிறிய வேலைகள் அல்ல. திரும்பி வந்தவர்கள் இவற்றுக்காகவே வந்தனர்.

எனவே புகழ்பெற்ற கலைஞருக்கு நிறுவனத்தின் சேவை இன்னும் பயன்படுகிறது. நிறுவனம் உரிமையாளராக இருக்க வேண்டிய தேவை நீங்கிவிட்டது. ஆயினும் இதைப் புதியவர்களுக்கும் பொதுவான விதியாகக் கொள்ள இயலாது. ரேடியோஹெட் விலையில்லாமல் பாடல் தந்தபோது உலகம் திரும்பிப் பார்த்ததற்குக் காரணம், அதற்கு முந்தைய ஆறு தொகுப்புகளும் இ.எம்.ஐ.யின் செலவில் ஊரறியப்பட்டிருந்தமையே. பிரின்சுக்கும் சுவிஃப்டுக்கும் அவ்வாறே. பெயரில்லாத கலைஞர் முன்பணத்துக்காகத் தம் பதிவுரிமையைக் கொடுக்கும் நிலை இன்றும் உள்ளது. எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நிபந்தனையில் கொடுக்கிறார் என்பதே அவர் கவனிக்க வேண்டியதாகும்.