ஹோம் ஸ்கூலிங் ஆரம்பிக்கப் போறீங்களா? புத்தகம் வாங்கும் முன் இதை முடிவு பண்ணுங்க!

ஜூன் மாதம் வந்தாலே ஸ்கூல் ஃபீஸ், வேன் கட்டணம், யூனிஃபார்ம், நோட்டு என்று பெரிய தொகை கையை விட்டுப் போய்விடுகிறது. 'இதுக்கு நாமளே வீட்ல உட்கார வெச்சு சொல்லிக் கொடுத்தா என்ன?' என்று ஒரு தடவையாவது நினைக்காத பெற்றோர் குறைவு. பெரும்பாலானவர்கள் நினைப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிலர் நிஜமாகவே டிசி வாங்கிவிடுகிறார்கள்.

டிசி வாங்கியதும் எல்லோரும் முதலில் தேடுவது புத்தகங்களைத்தான். ஆனால் அதற்கு முன்பே முடிவாக வேண்டிய ஒன்று இருக்கிறது. பிள்ளை 10ஆம் வகுப்புத் தேர்வை எந்த வழியில் எழுதப் போகிறது? இதைத் தள்ளிப்போட்டால் 13, 14 வயதில் மாட்டிக்கொள்வது பிள்ளைதான்.

சட்டப்படி தப்பா?

2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. குழந்தையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10ஆவது பிரிவு. குழப்பமே இங்குதான் தொடங்கியது. 2012இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இந்தப் பிரச்னை வழக்காக வந்தபோது, விருப்பப்பட்டு வீட்டிலேயே கற்பிப்பவர்கள் தொடரலாம், சட்டம் அதற்குக் குறுக்கே நிற்காது என்று மத்திய அரசு தெரிவித்தது. ஆக, தடை இல்லை. அதே நேரம் ஹோம் ஸ்கூலிங்கிற்கு என்று தனிப் பதிவோ அங்கீகாரமோ சட்டத்தில் கிடையாது. வீட்டில் என்ன படித்தாலும், வெளியில் செல்லுபடியாவது தேர்வு எழுதி வாங்கும் சான்றிதழ் மட்டுமே.

ஒரு எச்சரிக்கை. நாலைந்து குடும்பம் சேர்ந்து பிள்ளைகளை அனுப்பும் 'லேர்னிங் சென்டர்'கள் இப்போது அதிகம். அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், தொடர்ந்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை என்கிறது 18ஆவது பிரிவு. அபராதம் நடத்துபவருக்குத்தான். ஆனால் பாதி வருஷத்தில் இழுத்து மூடினால் நடுத்தெருவில் நிற்பது உங்க பிள்ளை.

தேர்வுக்கு என்னென்ன வழி?

அதிகம் பேர் போவது என்ஐஓஎஸ் எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியில். 1989இல் மத்திய அரசு தொடங்கியது. 14 வயது முடிந்தால் 10ஆம் வகுப்புக்கும், 15 முடிந்தால் 12ஆம் வகுப்புக்கும் பதிவு செய்யலாம். குறைந்தது 5 பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடமாக இருக்கணும். ஒருமுறை பதிவு செய்தால் 5 ஆண்டு செல்லும். அதற்குள் 9 வாய்ப்பு. ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு நடப்பதால் எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. இந்த ஏப்ரலில் இரண்டு, அக்டோபரில் இரண்டு என்று பிரித்துக்கொள்ளலாம். கணக்கைக் கண்டு நடுங்கும் பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி.

'என்ஐஓஎஸ்ல படிச்சா நீட் எழுத முடியாதாமே?' என்ற பயம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2018இல் அப்படி ஒரு விதி வந்தது உண்மை. அதே ஆண்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2024இல் உச்ச நீதிமன்றம் வரை போய் அந்தக் கதவு திறந்தே இருப்பது உறுதியானது. பாடத் தேர்வில் மட்டும் கவனம். டாக்டர் கனவு இருந்தால் 12ஆம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் இருக்கணும்.

அடுத்த வழி, தமிழ்நாடு தேர்வுத்துறையில் நேரடித் தனித்தேர்வராக எழுதுவது. 8ஆம் வகுப்புத் தேர்வுக்கு 12½ வயதும், 10ஆம் வகுப்புக்கு 14½ வயதும் முடிந்திருக்கணும். 10ஆம் வகுப்பில் இரண்டு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, அறிவியல் செய்முறைப் பயிற்சி வகுப்புக்கு முன்கூட்டியே பதிவு செய்து போய் வரணும். இன்னொன்று, முதல் மொழிப்பாடம் தமிழ்தான்.

கேம்பிரிட்ஜ் ஐஜிசிஎஸ்இ தேர்வைத் தனியாக எழுத அனுமதிக்கும் மையங்களும் உண்டு. செலவு அதிகம். வெளிநாட்டுப் படிப்பு திட்டம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

சரி, எந்தப் புத்தகம்?

தேர்வு வழி தெரிந்துவிட்டால் இது சுலபம். தனித்தேர்வர் என்றால் சமச்சீர் புத்தகம். என்ஐஓஎஸ் என்றால் 7, 8ஆம் வகுப்பு வரை என்சிஇஆர்டி அல்லது சமச்சீர், பிறகு அவர்களுடைய பாடநூல். இவை எல்லாமே இணையத்தில் பிடிஎஃப் ஆக இலவசமாகக் கிடைக்கின்றன. ஆயிரக்கணக்கில் கொடுத்து 'ஹோம் ஸ்கூலிங் கிட்' வாங்கும் முன் ஒரு மாதம் இவற்றை ஓட்டிப் பாருங்க.

சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பை மறந்துவிட்டு நிலையைப் பாருங்க. அரசுப் பள்ளிகளில் 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் இதைத்தான் செய்கிறது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கிறார்கள். உங்க மகள் கணக்கில் நாலாம் வகுப்பாகவும் தமிழ் வாசிப்பில் இரண்டாம் வகுப்பாகவும் இருக்கலாம். வீட்டில் இருக்கும்போது அது ஒரு குறையே இல்லை.

பி.ஏ. தமிழ் படித்தவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கில வழிப் பாடத்தைத் தேர்வு செய்யும் வீடுகளில் முதலில் காணாமல் போவது தமிழ்தான். 'வீட்ல பேசுறோமே' என்பார்கள். பேசுறது வேற, எழுதுறது வேற. 13 வயதில் தனித்தேர்வர் வழிக்கு மாற நினைக்கும்போது ஒரு பத்தி பிழையில்லாமல் எழுத வராது.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே ஒரு கணக்கு இருக்கு. 1 முதல் 5ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 மணி நேரம். அதாவது நாளைக்கு 4 மணி நேரம். 6 முதல் 8 வரை 220 நாள், 1,000 மணி நேரம். இது ஒரு ஆசிரியர் 30, 35 பிள்ளைகளைச் சமாளிக்கும் வகுப்பறைக்கான அளவு. பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பிள்ளைக்குச் சொல்லித் தரும்போது சின்ன வகுப்புக்கு இரண்டு மணி நேரமே தாராளம். காலை 9 முதல் 4 வரை பெல் அடித்து வீட்டையே ஸ்கூல் ஆக்கினால் இரண்டு மாதத்தில் அம்மாவும் களைத்துவிடுவார், பிள்ளையும் களைத்துவிடும்.

வாரத் திட்டத்துக்கு ஒரு பக்கம் போதும். 'பாடம் 4 முடிக்கணும்' என்று எழுதாதீங்க. 'மளிகை ரசீதைப் பார்த்து தானே கூட்டி, மீதி சில்லறை எவ்வளவுன்னு சொல்லணும்' என்று எழுதுங்க. சனிக்கிழமை அதைச் செய்ய வைத்துப் பாருங்க. வரவில்லையா, அடுத்த வாரமும் அதேதான். வெள்ளிக்கிழமையை காலியாக விடுவது நல்லது. காய்ச்சல், விருந்தாளி, கரண்ட் கட் எல்லாம் சொல்லிக்கொண்டா வருது?

ஒத்துவரவில்லை என்றால்?

திரும்பப் பள்ளிக்குப் போகலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவுப்படி, பள்ளியில் இல்லாத குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கணும், பின்தங்கிய பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சியும் தரணும். ஆனால் இந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்கானது. அதனால் 'போதும், ஸ்கூலுக்கே போகட்டும்' என்ற முடிவை 12, 13 வயதுக்குள் எடுத்துவிடுங்க. 9ஆம் வகுப்பில் நேரடியாக இடம் கேட்டுப் பள்ளி பள்ளியாக அலைவதைவிட அது எவ்வளவோ மேல்.

டிசி, பிறப்புச் சான்றிதழ், ஆதார், கடைசி மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்க. டிசி வாங்கியதும் பிள்ளையின் எமிஸ் எண் கல்வித்துறையின் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பின்போது ஆசிரியர்கள் வீடு தேடி வந்து விசாரிக்கலாம். பயப்பட வேண்டாம், கோபப்படவும் வேண்டாம், அவர்கள் வேலை அது. தேதி போட்ட நோட்டுகளையும் வாரத் திட்டத் தாள்களையும் எடுத்துக் காட்டுங்க.