வெட்டின கிறிஸ்துமஸ் மரம் திரும்ப வளருமா?

1/ ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாடகை வீடுகள்ல இருக்கிறவங்க ஜனவரி பிறந்ததும் கேட்கிற கேள்வி: "டாக்டர், குடிலுக்கு வெச்ச சவுக்குக் கிளை இன்னும் பச்சையா இருக்கு. மண்ணுல நட்டா பிழைக்குமா?" பிழைக்காது. ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னால ரயில், காடு, ஒரு டாக்டர்னு பெரிய வரலாறே இருக்கு.

2/ முதல்ல காரணம். வெட்டின கிளை, வாளித் தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்ச நாள் தாங்கும். சலைன் ஏத்துற மாதிரிதான். பச்சை தெரியும், வேர் வராது. முற்றின சவுக்குக் கட்டை தானா வேர் விடுறது ரொம்ப அபூர்வம்.

3/ இப்போ 1856-க்குப் போவோம். ராயபுரத்திலிருந்து திருவள்ளூர், அரக்கோணம் வழியா வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடுது. கப்பல்ல வர்ற இங்கிலாந்து நிலக்கரி விலை அதிகம். அதனால எஞ்சினுக்கு விறகு. காடுகள் வேகமா கரைய ஆரம்பிச்சது.

4/ அதே 1856-ல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரா நியமிக்கப்பட்டவர் ஹியூ கிளெகார்ன். தொழிலால டாக்டர். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில தாவரவியல் சொல்லிக் கொடுத்தவர். வெட்டுற வேகத்துக்குக் காடு திரும்ப வளராதுன்னு கவலைப்பட்டவர். 1861-ல் தென்னிந்தியக் காடுகள் பற்றி அவர் எழுதின புத்தகத்திலும் ரயில் விறகுப் பிரச்சினை வருது.

5/ அதுக்கு ஒரு தீர்வா வந்ததுதான் சவுக்கு. 1860-கள்ல கிழக்குக் கடற்கரை மணல்ல ரயில் விறகுக்காகத் தோப்புகள் போட்டாங்க. உப்புக் காத்து தாங்கும், சீக்கிரம் வளரும், நல்லா எரியும். வேர்முடிச்சுல இருக்கிற நுண்ணுயிர் காத்துல இருந்து நைட்ரஜன் பிடிச்சுக் கொடுக்கும்.

6/ ஒரே ஒரு சிக்கல். வேம்பை வெட்டினா தூர் துளிர்க்கும். நாட்டுச் சவுக்கு அப்படிச் சரியாத் துளிர்க்காது. அதனால விவசாயி ஒவ்வொரு முறை வெட்டினதும் தூரைத் தோண்டி விறகுக்கு வித்துட்டு, புது நாற்று வாங்கி நடணும். சாரக் கம்பு, காகிதக் கூழ்னு தேவை மாறினப்பவும் இந்தச் செலவு மட்டும் மாறல.

7/ ஒரு வழி துளிர்லயே இருந்தது. முற்றின கிளைக்குப் பதிலா இளம் துளிரை நறுக்கி, வேர் ஊக்கி மருந்துல தொட்டு, ஈரமான நிழல் கூடாரத்துல வெச்சா சில வாரத்துல வேர் விடும். கோவை வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம் தேர்ந்தெடுத்த ரகங்கள் இப்படித்தான் பெருக்கப்படுது. தாய்மரத்தின் அதே குணம் கன்னுலயும் இருக்கும். நல்ல மகசூல் தர்ற மரத்தையே திரும்பத் திரும்ப நடலாம்.

8/ வெளிநாட்டு ஃபிர் மரத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். வீட்டுக்கு வர்ற மேல்பகுதி பிழைக்காது. தோட்டத்துல அடிக்கிளைகளை விட்டு வெட்டினா, அதுல ஒண்ணு நிமிர்ந்து புது மரமாகும்.

9/ அதனால அடுத்த டிசம்பர்ல வேரோட, தொட்டிச் செடியா வாங்குங்க. பண்டிகை முடிஞ்சதும் திறந்த இடத்துல நடுங்க. சவுக்கு உயரமா வளரும், சுவர் ஓரமும் கரண்ட் கம்பிக்குக் கீழயும் வேண்டாம். இந்த வருஷக் கிளையைக் காயவெச்சு வெந்நீர் அடுப்புக்கு வெச்சுக்கோங்க.