பழைய துவக்கும் புதிய குழலும்

1917ஆம் ஆண்டிற் சுதந்திரம் பெற்ற பின்லாந்திடம் புதிய துவக்குகளை வாங்கப் போதிய பணமில்லை. ஆனால், ருஷ்யப் படைகள் விட்டுச்சென்ற மோசின்-நாகன் றைபிள்கள் ஏராளமாயிருந்தன. அவை உறுதியானவை, எனினும், பலவற்றின் குழல்கள் தேய்ந்தமையால் குறி தவறிற்று.

அந்நாட்டின் தன்னார்வக் காவற்படையினர் அவற்றை ஒதுக்கிவிடவில்லை. தோட்டாவைத் தாங்கிப் பூட்டும் இரும்பு உடற்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டனர். 1920களிற் சுவிற்சர்லாந்திலிருந்து புதிய குழல்களைத் தருவித்துப் பொருத்தினர். பின்னர் உள்நாட்டிலேயே அவற்றைச் செய்வித்தனர். 1930களில் வந்த மாதிரியில் விசையும் குறிபார்க்கும் அமைப்பும் திருத்தம் பெற்றன. மரப்பகுதியின் முனையில் அலுமினிய உறையொன்று இடப்பட்டது. ஈரத்தில் மரம் உப்பினும் அது குழலை அழுத்தாதிருக்க இவ்வுறை உதவிற்று.

1937இல் எல்சிங்கியில் நடைபெற்ற உலகச் சுடுதற் போட்டியில் இம்மாதிரி பயன்பட்டது. ஈராண்டுகள் கழிந்து, 1939 நவம்பரிற் சோவியத் படை எல்லை கடந்தபோது, விளையாட்டுக் கருவி நாட்டின் உயிர்காக்கும் கருவியாயிற்று. விவசாயியும் வேட்டைக்காரருமான சிமோ ஹாய்ஹா, தொலைநோக்கி பொருத்தாத இத்தகைய றைபிளுடனேயே பனியிற் காத்திருந்தார்.

1940 மார்ச்சிற் போர் முடிந்தது. பின்லாந்து நிலத்தை இழந்தது, சுதந்திரத்தை இழக்கவில்லை. அதனைக் காத்தோர் ஏந்திய றைபிள்களின் பழைய உடற்பகுதிகளோ, பெரும்பாலும் ருஷ்யத் தொழிற்சாலைகளிற் செய்யப்பட்டவையே.